காதலனுக்கு ஓர் ஊரும் ஒரு தொழிலும்

ஆணை விரும்பும் ஆண் தமிழ்த் திரைக்கதைக்குள் நுழைந்தால் நெடுங்காலமாக அவனுக்கு இரண்டே வேலைகள்தான் காத்திருந்தன. கொலை செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் சிரிக்கவைக்க வேண்டும். 2006இல் வெளியான ‘வேட்டையாடு விளையாடு’ தன் தொடர்கொலைகாரர்கள் இருவரையும் அப்படிப்பட்டவர்களாகக் குறிப்பால் காட்டி, நாயகனின் வாயில் அதற்கொரு ஏளன வசனத்தையும் வைத்தது. 2010இல் வந்த ‘கோவா’வில் ஓர் ஆண் ஜோடி ஒளிவுமறைவில்லாமலே வந்தது, ஆனால் அவர்களுடைய ஊடலும் பொறாமையும் நகைச்சுவைப் பகுதியைத் தாண்டவில்லை. வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவைத் தளர்த்திய பிறகு மூன்றாவதாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது: பரிதாபத்துக்குரியவனாக இருப்பது. இன்று ஆண்களுக்கிடையிலான காதலைக் கதையாக்க முன்வரும் எழுத்தாளர்கள் பலரும் ‘வார்ப்பு மனிதர்களைப் படைத்துவிடக் கூடாது’ என்ற அக்கறையோடுதான் வருகிறார்கள். அக்கறை நல்லதுதான். ஆனால் அவர்கள் வார்ப்பைப் பாத்திரத்தின் நடை உடை பாவனையில் தேடித் திருத்துகிறார்கள். அதுவோ கதைப்போக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து அதைக் கிளப்ப வேண்டுமானால் காதலனுக்கு ஓர் ஊரும், ஒரு தொழிலும், முடிந்தால் கொஞ்சம் கடனும் கொடுத்தாக வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் யோசனையை முதலில் பார்ப்போம். கையை ஆட்டிப் பேசுகிறவனாக எழுதாதே, குரலை மென்மையாக்காதே, மற்ற ஆண்களைப் போலவே காட்டு என்பார்கள். இந்த அறிவுரையில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. கையை ஆட்டிப் பேசும் ஆண்கள், நளினமாக நடக்கும் ஆண்கள் நம் ஊர்களில் நிஜமாகவே இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் முதல் கல்லடி அவர்கள்மீதுதான் விழுகிறது. கேலியிலிருந்து தப்பிக்க அவர்களைக் கதையிலிருந்தே வெளியேற்றிவிடுவது, கேலி செய்தவன் சொன்னதை ஒப்புக்கொள்வதாகும். நளினம் ஒரு மனிதனின் இயல்பாக இருக்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த நளினத்தைப் பார்த்தவுடனேயே இவன் கடைசியில் என்ன ஆவான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறதே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அவன் சாவான், அல்லது பைத்தியமாவான், அல்லது கதாநாயகனின் கல்யாணத்தில் மூலையில் நின்று கைதட்டுவான். வாட்டசாட்டமான, மீசை முறுக்கிய ஒருவனைப் படைத்துவிட்டு அவனையும் அதே முடிவுக்கு ஓட்டிச் செல்கிற கதையில் சட்டைதான் மாறியிருக்கிறது.

அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 1934 முதல் கறாராக அமலான ஹேய்ஸ் தணிக்கை விதி இத்தகைய உறவைத் திரையில் சாடையாகக் காட்டுவதைக்கூடத் தடை செய்தது. அது தளர்ந்த பிறகும் இந்தப் பாத்திரங்கள் தற்கொலையிலோ கொலையிலோதான் முடிந்தார்கள். விட்டோ ரூஸோ என்ற ஆய்வாளர் 1981இல் எழுதி 1987இல் விரிவாக்கிய ‘தி செல்லுலாய்டு க்ளாசெட்’ நூலில் அந்தச் சாவுகளை ஓர் இழவுப் பட்டியலாகவே தொகுத்துவைத்தார். புத்தக உலகமும் அப்படித்தான். 1952இல் ‘ஸ்பிரிங் ஃபயர்’ என்ற மலிவுப் பதிப்பு நாவலைப் புனைபெயரில் எழுதிய மாரிஜேன் மீக்கரிடம், இரு பெண்களும் சேர்ந்து வாழ்வதாக முடிக்கக் கூடாது, முடித்தால் அஞ்சல் துறை புத்தகத்தைப் பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே ஒருத்தி மனநல மருத்துவமனைக்குப் போனாள். மற்றவள் தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று தெளிந்தாள். அதே ஆண்டு பேட்ரிஷியா ஹைஸ்மித் வேறொரு புனைபெயரில் வெளியிட்ட ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ தன் நாயகியர் இருவரையும் சாகவிடாமல், சேர்த்துவைக்கும் நம்பிக்கையோடு முடிந்தது. வாசகர்களின் நன்றிக் கடிதங்கள் அவருக்குப் பல காலம் வந்துகொண்டிருந்தன. இ. எம். ஃபார்ஸ்டரின் ‘மாரிஸ்’ இதைவிடப் பழைய சான்று. 1913-14இல் எழுதிய அந்த நாவலில் பங்குத் தரகனும் வேட்டைக்காட்டுக் காவலாளும் ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள். முடிவு சோகமாக இருந்திருந்தால் அச்சிடுவது எளிதாக இருந்திருக்கும் என்று ஃபார்ஸ்டரே பின்னாளில் குறிப்பு எழுதிவைத்தார். அவர் இறந்த மறுவருடம், 1971இல்தான் புத்தகம் வெளிவந்தது. ஆக, இந்தக் காதலுக்குச் சோக முடிவே இயற்கை என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் ஒரு பெரும்பங்கு வாழ்க்கையைப் பார்த்து எழுதியதல்ல, தபால்காரருக்கும் தணிக்கையாளருக்கும் பயந்து எழுதியது.

தமிழில் நிலைமை சற்று வேறு. இங்கே இந்தப் பொருளைத் தொடவே ஆளில்லாதிருந்த காலத்தில், 1978இல், கரிச்சான் குஞ்சு ‘பசித்த மானிடம்’ எழுதினார். செல்வந்தர்கள் ஆதரவில் வளரும் கணேசனின் உடலும் அந்த ஆதரவுக்கு விலையாகப் போகிறது. ஆண்களுக்கிடையிலான உடலுறவை மூடி மறைக்காமல், முகம் சுளிக்காமல் அந்த நாவல் எழுதிய துணிவு இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. பின்னாளில் கணேசனைத் தொழுநோய் பற்றுகிறது. அந்த நோயைத் தண்டனையாக மட்டும் படிப்பது நாவலுக்குச் செய்யும் அநியாயம். பசி, ஆசை, துறவு என்று அது அலசும் பொருள் பெரியது. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கதவின் வழியே போய் அடுத்த அறையைத் திறந்திருக்க வேண்டும். ஆசையும் சுரண்டலும் எழுதப்பட்டுவிட்டன. இரண்டு ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதும், கோபித்துக்கொள்வதும், மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணிப் பார்ப்பதும் எழுதப்பட வேண்டியிருந்தன. அந்த இரண்டாவது வரிசை இன்னும் மெலிந்தே கிடக்கிறது. இந்தக் காதலைப் பற்றித் தமிழில் பேசும்போதெல்லாம் அறிவுரையும் விளக்கமும் தலைதூக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கான கருவி வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. அகத்திணை இலக்கணம் காதலை எப்படி எழுதுவது என்று ஒரு முழு முறையையே வகுத்துவைத்திருக்கிறது. அகப்பாட்டில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. ஆனாலும் அவர்கள் மொட்டை மனிதர்கள் அல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருளாக நிற்கின்றன. மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில், பறை எல்லாம் கருப்பொருளாகச் சூழ்ந்திருக்கின்றன. புணர்தலும் பிரிதலும் காத்திருத்தலும் இரங்கலும் ஊடலும் ஆகிய உரிப்பொருள் இவற்றின் மேல்தான் வந்து அமர்கிறது. நெய்தல் நிலத்துப் பெண்ணின் ஏக்கத்தில் உப்பங்கழியும் மீன் வாடையும் இருக்கும். பாலையில் போனவனின் பிரிவில் பொருள் தேட வேண்டிய கட்டாயம் இருக்கும். பழைய இலக்கணம் ஆணையும் பெண்ணையும் மனத்தில் வைத்துத்தான் இதை வகுத்தது. இல்லாததைச் சங்க இலக்கியத்தின் மேல் ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை நமக்கில்லை. முறையை மட்டும் கடன் வாங்கினால் போதும். வார்ப்புப் பாத்திரம் என்றால் கருப்பொருள் இல்லாத உரிப்பொருள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவனுக்கு ஏக்கம் உண்டு, ஊர் கிடையாது. அழுகை உண்டு, அழுத பிறகு கிளம்பிப் போக வேண்டிய வேலை கிடையாது. ‘தன்பாலீர்ப்பாளர்’ என்ற ஒற்றைச் செய்தியைச் சுமப்பதற்காகவே பிறந்தவன் போல அவன் கதைக்குள் வந்து போகிறான்.

கருப்பொருளோடு எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மொழிக்காரரின் வாழ்வைப் பற்றிய நாவலே சாட்சி. கொழும்பில் வளர்ந்த ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட ‘ஃபன்னி பாய்’ ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் நாயகன் அர்ஜி கொழும்புத் தமிழ்ச் சிறுவன். சிறுவயதில் மாமன் சித்தப்பன் பெண்களோடு சேர்ந்து சேலை கட்டி மணப்பெண் விளையாட்டு விளையாடியவன், விடலைப் பருவத்தில் ஷெஹான் என்ற சிங்கள மாணவனைக் காதலிக்கிறான். பள்ளியிலோ அதிகாரப் போட்டி. கொடூரமாகத் தண்டிக்கும் தலைமையாசிரியர் இருக்கிறார். அவர் விழுந்தால் பள்ளியைச் சிங்கள மாணவர்களுக்கு மட்டுமானதாக மாற்ற நினைக்கும் துணைத் தலைமையாசிரியர் மேலே வந்துவிடுவார். பரிசளிப்பு விழாவில் அர்ஜி இரண்டு ஆங்கிலக் கவிதைகளை ஒப்பிக்க வேண்டும். தலைமையாசிரியரின் பேச்சே அவற்றை நம்பித்தான் இருக்கிறது. மேடையேறிய அர்ஜி வேண்டுமென்றே வரிகளைக் குழப்பி உளறிக்கொட்டுகிறான். ஷெஹானை வதைத்தவரை அவமானப்படுத்த அவனுக்கு அது ஒன்றே வழி. அதே செயலால் தமிழ் மாணவர்களுக்கு இருந்த ஒரே அரணையும் அவன் பலவீனமாக்குகிறான். காதலா, இனமா என்ற கேள்வி ஒரு சிறுவனின் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. பிறகு 1983 ஜூலையின் தமிழர் எதிர்ப்புக் கலவரம் வருகிறது. வீடு எரிகிறது; பாட்டியும் தாத்தாவும் கொல்லப்படுகிறார்கள்; குடும்பம் கனடாவுக்குக் கிளம்புகிறது. இரண்டு பையன்களையும் கடைசியில் பிரித்தது அவர்கள் ஆண்கள் என்பதல்ல, ஒருவன் தமிழனாகவும் மற்றவன் சிங்களவனாகவும் இருந்தது. சேலை கட்டி விளையாடும் சிறுவன் என்பது எத்தனை பழகிய படிமம்! அதையே எடுத்தாண்டும் செல்வதுரை வார்ப்பில் சிக்கவில்லை. அர்ஜியின் கதி அவனுடைய சேலையில் எழுதப்படாமல் கொழும்பின் தெருக்களில் எழுதப்பட்டதே அதற்குக் காரணம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நிஜத்தில் இந்த மனிதர்கள் படும் பாடு கொஞ்சமா? வீட்டைவிட்டு விரட்டப்படுகிறார்கள், கட்டாயக் கல்யாணத்தில் தள்ளப்படுகிறார்கள், ‘குணப்படுத்துகிறோம்’ என்ற பெயரில் வதைக்கப்படுகிறார்கள். அப்படிப்பட்ட சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. இந்நிலையில் இன்ப முடிவு கேட்பது பொய் சொல்லச் சொல்வதாகாதா? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில், சோகத்தைத் தடை செய்யும்படி யாரும் கேட்கவில்லை. அந்தச் சோகம் எங்கிருந்து வருகிறது என்று மட்டுமே கேட்கிறோம். 1997இல் வெளிவந்த ஆனி ப்ரூவின் ‘புரோக்பேக் மவுண்டன்’ சிறுகதையைப் பாருங்கள். 1963 கோடையில் வயோமிங் மலையில் கூலிக்கு ஆடு மேய்க்கும் இரண்டு இளைஞர்கள். என்னிஸுக்குப் பெற்றோர் இல்லை, படிப்பு இல்லை, நிலம் இல்லை; அடித்துக் கொல்லப்பட்ட ஒருவரின் உடலைச் சிறுவயதில் அவனுடைய தந்தையே அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறார். ஜாக் செத்த பிறகு என்னிஸ் அவனுடைய பெற்றோர் வீட்டுக்குப் போய், ஜாக்கின் அறை அலமாரியில் ஒரு சட்டையைக் கண்டெடுக்கிறான். அதற்குள்ளே இன்னொரு சட்டை, கைக்குள் கை நுழைத்து மாட்டப்பட்டிருக்கிறது. எங்கோ சலவையில் தொலைந்துபோனதாக என்னிஸ் நினைத்திருந்த அவனுடைய சொந்தச் சட்டை. சாவு இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, ஆனாலும் இந்தக் கதையை வேறு எவருக்கும் மாற்றிப் போட முடியாது. வறுமை, வேலை, ஊர், பயம் எல்லாம் சேர்ந்துதான் அதன் முடிவைக் கட்டுகின்றன. அச்சில் வார்த்த சோகத்துக்கு இந்த உழைப்பு தேவைப்படாது. ஒருவன் ஆணை விரும்புகிறான் என்ற ஒரே தகவல் போதும், மூன்று பக்கம் தள்ளிக் கயிறு தொங்கும்.

மறுபக்கத்தில், இன்பமும் நிஜம்தான் என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம் இருக்கிறது. ஒரே வீட்டில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிற ஆண் இணையர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர்தான் திருமண உரிமை கேட்டு உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். அந்த இன்பத்தைக் கதையிலும் நம்பவைக்க முடியும். டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் ‘யங் முங்கோ’ (2022) கிளாஸ்கோவின் ஏழைக் குடியிருப்பில் நடக்கிறது. புராட்டஸ்டண்ட் பையன் முங்கோவும் கத்தோலிக்கப் பையன் ஜேம்ஸும் சந்தித்துக்கொள்வது ஜேம்ஸ் வளர்க்கும் புறாக்கூண்டில். மதச்சண்டையில் கும்பல் நடத்தும் அண்ணனும், குடித்துச் சீரழியும் தாயும் சூழ்ந்த கொடூரமான நாவல் அது. ஆனாலும் பிறருடைய புறாவைத் தன் கூண்டுக்கு இழுக்கத் தெரிந்த பையனின் பெருமிதமும், அதைப் பார்த்து மலைக்கும் மற்றவனின் கண்களும்தான் காதலாகின்றன. மாடியில் புறா வளர்த்துப் பந்தயம் விடும் வடசென்னைக்காரருக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாசகர் முதலில் புறாவை நம்புகிறார். பிறகு காதலையும் நம்பிவிடுகிறார். ‘இவர்களும் மனிதர்கள்தான்’ என்று பாத்திரத்தின் வாயால் சொல்லவைக்கும் எந்தச் சொற்பொழிவுக்கும் அந்த வலிமை கிடையாது.

பழைய வார்ப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் புதிய வார்ப்பைப் பற்றிப் பேசாமலிருப்பது நேர்மையாகாது. கொலைகாரனையும் கோமாளியையும் விரட்டிய இடத்தில் இப்போது ஒரு நல்ல பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறான். நகரத்துக்காரன், ஆங்கிலம் பேசுபவன், கைநிறையச் சம்பளம், சாதி சொல்லப்படாததாலேயே மேல்சாதி என்று தெரிந்துவிடுகிறவன், யாரையும் புண்படுத்தாதவன், காமம் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாதவன். பெரும்பான்மையின் ஏற்பைச் சம்பாதிப்பதற்காக அவன் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது. 2023இல் வந்த மலையாளப் படம் ‘காதல் தி கோர்’ துணிச்சலானது. மம்மூட்டி போன்ற ஒரு நட்சத்திரம் அதில் நடித்ததே பெரிய செய்தி. ஆனாலும் அந்தப் படத்தின் எடை நாயகனுக்கும் மனைவிக்கும், அவனுக்கும் ஊருக்கும் இடையில்தான் விழுகிறது. ஓட்டுநர் பயிற்சி கொடுக்கும் அவனுடைய காதலன் ஓரத்திலேயே நிற்கிறான், இருவரும் சேர்ந்து தோன்றும் காட்சிகள் சொற்பம். கண்ணியம் காக்கப்பட்டது, காதல் காத்திருந்தது. இதற்கு எதிர்த்திசையில், வசுதேந்திரா 2013இல் கன்னடத்தில் வெளியிட்ட ‘மோகனசாமி’ கதைகளின் நாயகன் பொறாமைப்படுகிறான், தாழ்வு மனப்பான்மையில் வேகிறான், கைவிடப்பட்டுக் கெஞ்சுகிறான். ஆர். ராஜ் ராவின் ‘தி பாய்ஃபிரெண்ட்’ (2003) மும்பையில் ஒரு பார்ப்பனப் பத்திரிகையாளரையும் ஒரு தலித் இளைஞனையும் சேர்த்துவைத்து, சாதி படுக்கையறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுவதில்லை என்று காட்டுகிறது. நாயகர்களை இப்படிக் குறையுள்ளவர்களாக எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. பன்மை என்பதும் இதுதான். ஒரு தலித், ஒரு முஸ்லிம், ஒரு மாற்றுத்திறனாளி என்று வருகைப் பதிவேடு எடுப்பதால் பன்மை வராது. சாதியோ மதமோ உடலோ கதையின் திருப்பத்தைத் தீர்மானிக்கும்போதுதான் வரும். எந்தப் பாத்திரத்தின் சாதியை மாற்றிப் போட்டாலும் கதை அப்படியே ஓடுமென்றால் அங்கே சாதி வெறும் ஒட்டுச்சீட்டு.

இதையெல்லாம் யார் எழுதலாம் என்பது அடுத்த கேள்வி. வாழ்ந்தவர்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. கற்பனைக்கு அனுமதிச் சீட்டு கேட்காதே என்கிறது மறுதரப்பு. சான்றுகள் இரண்டுக்கும் பிடிகொடுக்கவில்லை. ஆனி ப்ரூ ஒரு பெண். ஆடு மேய்க்கும் ஆண்களின் கதையை அவர்தான் எழுதினார். ஜப்பானில் 1970களில் மோட்டோ ஹாகியோ, கெய்கோ தாகெமியா போன்ற பெண்கள் இளைஞர்களின் காதலைச் சித்திரக்கதையாக்கி ஒரு பெரிய மரபையே தொடங்கிவைத்தார்கள். இன்று தாய்லாந்துத் தொடர்கள்வரை உலகெங்கும் பரவியிருக்கும் அந்த மரபிலேயே, ஒருவன் எப்போதும் துரத்துபவன், மற்றவன் எப்போதும் நாணிக் கோணுபவன் என்ற புதிய அச்சும் உருவானது. ஆணும் பெண்ணுமான ஜோடியின் பழைய பங்கீட்டை இரண்டு ஆண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆக, வெளியிலிருந்து எழுதுவது குற்றமில்லை, உழைக்காமல் எழுதுவதுதான் குற்றம். அதே நேரம் ஒரு கணக்கையும் மறக்கக் கூடாது. பிறர் எழுதுவதற்குப் பக்கங்கள் கிடைத்து, வாழ்கிறவர்கள் எழுதியது திரும்பி வருமானால் அங்கே கற்பனைச் சுதந்திரம் பேசுவது பொருந்தாது. தமிழ்ப் பதிப்பகங்களும் இதழ்களும் முதலில் அவர்களுடைய கைப்பிரதிகளைத் தேடிப்போக வேண்டும்.

காதல் நாவல் என்பதே அச்சுதானே, அதில் வார்ப்பைக் குறை சொல்வது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ரமணிசந்திரன் நாவலை வாங்குகிறவருக்கு இருவரும் கடைசியில் சேர்வார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரியும், தெரிந்துதான் வாங்குகிறார். உண்மை. அது வாசகரோடு எழுத்தாளர் செய்துகொண்ட ஒப்பந்தம். முடிவு உறுதியாக இருப்பதால்தான் நடுவிலுள்ள சண்டையையும் மனத்தாங்கலையும் நிம்மதியாக ரசிக்க முடிகிறது. வார்ப்பு வேறு வகை. அது ஒரு கூட்டத்தைப் பற்றிச் சமூகம் எழுதிவைத்த தீர்ப்பு. வாசகர் அதில் கையெழுத்திடவில்லை. முதலாவதை ஆண் ஜோடிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். மாத நாவலின் அட்டைக்குள் அல்லது கைப்பேசிச் செயலியின் தொடர்கதைக்குள், எந்தத் தத்துவ பாரமும் இல்லாமல் இரண்டு ஆண்கள் சண்டை போட்டுச் சேரட்டும். ஐம்பதை நெருங்கும் ஓர் எழுத்தாளர் தன் பழைய காதலனின் கல்யாணத்திலிருந்து தப்பி உலகம் சுற்றும் நகைச்சுவைக் காதல் கதை, ஆண்ட்ரூ ஷான் கிரீரின் ‘லெஸ்’, 2018இல் புலிட்சர் பரிசே வாங்கியது. அந்த நாவலின் சிக்கல் வயதும் தோல்வியும் வீம்பும்தான். அடையாளம் அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

தமிழ் எழுத்தாளருக்கு இங்கேதான் வளமான நிலம் காத்திருக்கிறது. ஆனால் அதை அவர் அயல்நாட்டுக் கதைப்போக்கின் வழியாகப் பார்க்கக் கூடாது. மேற்கத்தியக் கதைகளில் உச்சக்கட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெற்றோரிடம் உண்மையைச் சொல்லும் காட்சி. நம் ஊரில் இரண்டு ஆண்கள் ஒரே அறையில் ஐந்து வருடம் தங்கினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேச்சிலர் ரூம் என்று வீட்டுக்காரரே போர்டு போட்டு விடுகிறார். தோளில் கை போட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தால் சிநேகிதர்கள் என்றுதான் நினைப்பார்கள். இங்கே கதையின் கடிகாரம் வேறு சுவரில் மாட்டியிருக்கிறது. தங்கச்சி கல்யாணம் முடிந்ததும் அது டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கும். பிறகு ஜாதகம், தரகர், பெண் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஒரு கட்டிங் மாஸ்டரும் பவர் டேபிள் டெய்லரும் காதலிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களில் அவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே நேரமிருக்காது. சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒருவன் ஊருக்கு அனுப்பும் தொகை மற்றவனுக்குக் குறையாகப் படும். டெய்லர் ஒடிசாக்காரன் என்றால் கோபத்தில் திட்டுவதற்குப் பொதுமொழிகூட இருக்காது. வில்லன் எவனும் வராமலேயே இந்தக் காதலுக்கு நூறு தடைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாக மட்டும் சமூக வெறுப்பு இருந்தால் அது தன் உண்மையான கனத்தோடு தெரியும்.

சட்டமும் அரைக்கதவைத் திறந்து புதிய கதைகளைக் கொடுத்திருக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. 2024இல் மத்திய அரசு, இத்தகைய இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் கார்டுக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருதும்படி மாநிலங்களுக்கும் சொன்னது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. கல்யாணம் கிடையாது, ஆனால் அரிசி வாங்கும் அட்டையில் சேர்ந்து இருக்கலாம் என்ற இந்த விசித்திர நிலையில் எத்தனை கதைகள்! வட்டவழங்கல் அலுவலகத்தில் உறவுமுறை என்னவென்று கேட்கும் கட்டத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு நடுத்தர வயது ஆண்களைப் பற்றி இருபது பக்கம் எழுதலாம். அதில் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

குடும்பப் பத்திரிகையில் இதைப் போட்டால் வாசகர் ஏற்கமாட்டார் என்று ஆசிரியர் நாற்காலியில் இருப்பவர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விதவை மறுமணமும் சாதி மாறிய காதலும் நம் பத்திரிகைகளில் தொடர்கதைகளான காலத்திலும் இதே எச்சரிக்கை ஒலித்தது. வாசகர்கள் படித்தார்கள், கோபப்பட்டார்கள், அடுத்த வாரமும் வாங்கினார்கள். அவர்கள் ஏற்காதது பெரும்பாலும் பிரசங்கத்தைத்தான். ஆகவே எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காதலன் எப்படி நடக்கிறான் என்று கவலைப்படுவதை நிறுத்துங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், எதைத் தின்றால் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, அவனுடைய அம்மா எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவன் சாக வேண்டுமென்றால் சாகட்டும், சேர வேண்டுமென்றால் சேரட்டும். முடிவு அவனுடையதாக இருக்க வேண்டும். ஆசிரியர்களே, அப்படி ஒரு கதை உங்கள் மேசைக்கு வந்தால் ‘சிறப்பிதழுக்கு’ என்று எடுத்துவைக்காதீர்கள். அடுத்த வார இதழில், மற்ற காதல் கதைகள் வரும் அதே பக்கத்தில் போடுங்கள்.